தனிப்பார்வை வாடகை

காலை பத்து மணிக்கு செண்பகவல்லியின் முகம் மறைந்தது. கட்டிலில் படுத்திருந்தவளின் கையும் சேலையும் தெரிந்தன. கழுத்துக்கு மேலே சாம்பல் நிற மூட்டம்.

குற்றாலிங்கம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். கசக்கி என்ன பயன்? கண்ணுக்குள் இருந்த காப்புவில்லை தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

எல்லோர் கண்ணிலும் சொந்த வில்லையை எடுத்துவிட்டு இதைத்தான் பொருத்தியிருக்கிறார்கள். வாடகை கட்டாத ஓவியம் எதிரே வந்தால் மறைத்துவிடும். இனி யாரும் ஓசியில் பார்க்கக் கூடாது என்று ஓவியர்கள் கொடி பிடித்தபோது, முதல் வரிசையில் தொண்டை கிழியக் கத்தியவர் குற்றாலிங்கம்.

சட்டம் வந்தது, அவருக்குச் சோறும் போட்டது. மனைவிக்கு நுரையீரல் கெட்டதும் மருந்துச் செலவுக்காக, அவளை வரைந்த படத்தைத் தனிப்பார்வைக்கு விட்டார். அதற்கு வாடகை பத்து மடங்கு. எடுத்தவரைத் தவிர வேறு யாரும், வரைந்தவரும்கூட, மூன்று மாதம் பார்க்க முடியாது. படம்தானே போகிறது, ஆள் இங்கேதானே இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டார். இன்று காலை பத்து மணிக்கு அந்த ஒப்பந்தம் தொடங்கியிருந்தது.

வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்தார்.

"சார், உங்க படம் அவங்க முகத்தோட நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பொருந்துது," என்றாள் அங்கிருந்த பெண். "தொண்ணூறைத் தாண்டினா வில்லை ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும்."

"அவ என் வீட்டுக்காரிம்மா. டாக்டரு பத்து நாளுதான்னு கைய விரிச்சிட்டாரு."

"லைன்லயே இருங்க" என்று போய்விட்டுத் திரும்பி வந்தாள். "எடுத்தவர்கிட்ட கேட்டுட்டோம் சார். தனியா பாக்கத்தானே இவ்வளவு கொடுத்தேன்னு சொல்றார்."

மூக்கோரத் தழும்பைக்கூட விடாமல் வரைந்தது அவருக்குப் பெருமையாக இருந்தது ஒரு காலம். கொஞ்சம் சுமாரான ஓவியனாக இருந்திருந்தால் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாம் நாள் வண்ணத்தைக் குழைத்துக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன செய்யுதீக?"

"ஆடாம இரு. உன் மொகத்த மாத்துதேன்."

விரலால் தடவிப் பார்த்து, மூட்டத்துக்குள் வரைந்தார். புருவத்தைத் தடிப்பாக்கினார். மூக்கை நீட்டினார். உதட்டுக்கு மேலே முறுக்கு மீசை வைத்ததும் மூட்டம் சட்டென்று விலகியது. மீசையோடு செண்பகவல்லி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "எங்க மாமனாரு மாதிரில்லா இருக்கேன்!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பின் தினமும் காலையில் அழிந்த இடத்தைத் திருத்தி வரைந்தார். அவளும் அசையாமல் முகத்தைக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் அவள் இறந்துபோனாள்.

வெளியூரிலிருந்து அவள் தங்கை மரகதம் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

"தள்ளுங்க அத்தான். எங்க அக்காவுக்கு மீசை வரைஞ்சி வச்சிருக்கீகளே, இது என்ன கூத்து?"

"கழுத்துக்குக் கீழ மட்டும் ஊத்து. மொகத்துல தண்ணி பட வேண்டாம்."

"இந்தக் கோலத்துலயா அனுப்புவீக? மகராசியா மஞ்சப் பூசில்லா அனுப்பணும்."

அவர் கையைப் பிடிப்பதற்குள் ஊற்றிவிட்டாள். மீசை கரைந்து கழுத்தில் வழிந்தது. மரகதத்தின் கை அந்தரத்தில் நின்றது. சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

"அத்தான், எங்க அக்கா மொகத்த எங்க?"

"வாடகைக்கு விட்டுட்டேன் மரகதம்," என்றார் குற்றாலிங்கம்.