அம்மாக்கண்ணுவின் முழுப் பேர்

எழுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மழையில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கிளாக்கராக வந்து இறங்கினேன். ஓதம் ஏறிய சுவர், மக்கிய காகித வாடை, மூலையில் ஒரு டெலிபோன். அந்த டெலிபோன்தான் என் பிராணனை வாங்கியது.

தொழிலாளர் பெயரேடு இரண்டு. ஒன்று என் மேசையில், மற்றது கண்டி ஆபீசில். தினமும் நாலு மணிக்கு, கண்டி கிளாக்கர் பத்திநாதனும் நானும் போனில் வாசித்து இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் வந்தால் பிந்தி எழுதியதே சரி. அதுதான் சட்டம்.

ஏழாம் நம்பர் மலையில் மண் சரிந்து, கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு செத்து மூன்று மாதம். அவள் பேரை வெட்டினால்தான் மகள் நாகலெட்சுமிக்கு வேலை பதிய முடியும். அந்தப் பெண் தினமும் ஜன்னலில் வந்து நிற்பாள்.

"எம் பேரு பதிஞ்சாச்சுங்களா ஐயா?"

எங்கே பதிய! நான் வெட்டுவேன். மறுநாள் கண்டி ஏட்டில் அம்மாக்கண்ணு மறுபடி இருப்பாள், முழுப் பேரோடு. ஒருநாள் முழுக்க வேலை செய்ததாக ஏட்டில் விழுவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சட்டப்படி நானும் திருப்பி எழுதித் தொலைக்க வேண்டும்.

"என்ன விளையாட்டு இது, பத்திநாதன்?"

"உங்க ஆபீஸ் போன்லருந்துதான் சார் ஒரு பொம்பள பேசுது. 'எம் பேர வெட்டாதீங்க'ன்னு அழுவுது."

ஆபீசில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

இப்படி வெட்டியும் எழுதியும் ஒன்பதாம் நாள், நாலு மணி. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கூடவே ஈர மண் வாடை. ரிசீவரில் வெறும் இரைச்சல். எனக்குப் பொறுமை செத்துவிட்டது.

"அம்மாவோ மகளோ, யாராவது ஒருத்தி பேர வெட்டித் தொலைங்கய்யா! ரெண்டு ஏடும் ஒத்துப் போனாச் சரி!"

இரைச்சல் நின்றது.

"சரிங்க ஐயா."

அது பத்திநாதன் இல்லை.

ஏட்டைப் புரட்டினேன். அம்மாக்கண்ணு, முழுப் பேர். அடுத்த வரியில், நான் எழுதவே எழுதாத நாகலெட்சுமி.

அதன்மேல் சிவப்புக் கோடு.

ஜன்னலுக்கு ஓடினேன். அவள் இல்லை. கங்காணி சின்னத்தம்பிதான் சேறும் சகதியுமாக ஓடிவந்தார்.

"ஐயா, ஏழாம் நம்பர்ல அம்மா கூப்புடுறாங்கன்னு நாகலெட்சுமி ஓடுச்சுங்க... மண்ணு மறுபடி சரிஞ்சிருச்சுங்க..."

பாவி, என் வாயால் வந்த வினை!

போன் அடித்தது. பத்திநாதன்.

"காலையிலருந்து லைனே இல்ல சார், இப்பதான் கெடச்சுது. வாசிக்கட்டுங்களா?"

வாசித்தார். ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனது, அந்தச் சிவப்புக் கோடு உட்பட.

அம்மாக்கண்ணுவுக்கு மட்டும், இரண்டு ஏட்டிலும், நாளைத் தேதிக்கும் முழுப் பேர் விழுந்திருந்தது.