என் கண்முன்னால் ஒரு தடவை

அன்று காலை மூச்சுவெட்டு அறிவித்திருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தின் கிழக்குக் குமிழ்நகரில் அதற்காக யாரும் பதறுவதில்லை. அசையாமல் படுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இருக்கும் இரண்டு பிராணவாயுக் கலன்களில் ஒன்றைச் சோதனைக்கு நிறுத்தினால், காற்று பாதிதான் வரும்.

அந்தப் பாழாய்ப்போன சோதனைக்குக் காரணம், புதிதாக வந்திருந்த ஆணையர் தணிகாசலம். அங்கே ஒரு வழக்கம். எவர் பொறுப்பேற்றாலும், முந்தையவர் சோதித்ததை நம்பமாட்டார். "என் கண்முன்னால ஒரு தடவை" என்பார். ஆணையர்களோ சட்டை மாற்றுவதுபோல் மாறிக்கொண்டிருந்தார்கள்.

கலன் பொறியாளர் இசக்கியம்மாள் பம்பை மறித்து நின்றாள். அவள் மகளுக்கு நெஞ்சு பலவீனம். மூச்சுவெட்டு வந்தாலே உதடு நீலமாகிவிடும். கலனே போய்விட்டால்?

"சார், முதல் சோதனை நல்லதுதான். தண்ணியை நிரப்பி, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு அழுத்தினோம். வெல்டிங்ல இருந்த பொடி விரிசலோட முனை மழுங்கி, கலனுக்கு ஆயுசு கூடிச்சு. அதையே திரும்பத் திரும்பச் செஞ்சா விரிசல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். இரும்புக்கும் களைப்பு உண்டு சார்."

"எனக்கே பாடமா? கலன் நல்லா இருந்தா சோதிக்க ஏம்மா பயப்படுறீங்க?"

"நல்லா இருக்கணும்னுதான் பயப்படுறேன்."

தணிகாசலம் விரலசைத்தார். காவல் எந்திரன் அவளைச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தியது.

பம்பு முனகியது. அழுத்தமானியின் முள் ஏறி, உச்சியில் தயங்கி, சட்டென்று விழுந்தது. கலனின் வெல்டிங் நீளவாக்கில் பிளந்து, பீறிட்ட தண்ணீர் ஆணையரின் காலணியை நனைத்தது.

"பாவி மனுஷா! கெடுத்துட்டியே!" என்று அலறினாள் இசக்கியம்மாள்.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் மட்டும் சோதிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்!"

சாயங்காலமே பாராட்டு விழா. கெட்ட கலனைக் கண்டுபிடித்தவருக்கு மாலை போட்டார்கள். அதைப் பராமரித்தவளுக்கு வேலை போயிற்று. மேடையில் தணிகாசலம் முழங்கினார்: "இனி மிச்சம் ஒரே கலன்தான். அதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமா? நாளையிலிருந்து தினமும் சோதனை!"

மடியில் மகளோடு உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள் எழுந்தாள். "அந்த நேரத்துல எம்பொண்ணு எதைச் சுவாசிப்பா?"

"சோதனை முடியிறவரைக்கும் யாரும் மூச்சு விட வேண்டாம். பொதுமக்கள் ஒத்துழைக்கணும்."

"உக்காரும்மா! நம்ம பாதுகாப்புக்குத்தானே சொல்றாரு" என்று பின்னாலிருந்தவர்கள் அவள்மேல் எரிந்து விழுந்தார்கள்.

பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். காற்று போதாததால், மெதுவாக.