அம்மன் கிரீடமும் மூன்றாம் நம்பர் கபானாவும்

செல்போன் அலறியது!

சதீஸ்குமார் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான்.

"பகல் மூணு மணிக்கு வேன் வரும். சாமானோட ஏறிரு. நாளைக்கு விடியுறதுக்குள்ள நீ நாட்டுலயே இருக்க மாட்ட," என்றது குரல்.

"சரிண்ணே."

சாமான் கட்டிலுக்கு அடியில், உடுத்தும் சாரத்தில் சுற்றிக் கிடந்தது. பசறைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனின் தங்கக் கிரீடம்!

கோயில் கமிட்டிச் செயலாளரே அம்மன் தலையில் கை வைத்தால்? வேலியே பயிரை மேய்ந்த கதை. வெள்ளிக்கிழமை தேர். தோட்டமே அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்து மலையூரான எல்லவில் பதுங்கலாம்தான். ஆனால் அங்கே தடுக்கி விழுந்தால் டூரிஸ்ட், ஆளுக்கொரு கேமரா. அதனால்தான் மலை இறங்கி, ஈ காக்கை இல்லாத இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து, மூன்றாம் நம்பர் கபானா என்ற ஓலைக் குடிலில் தங்கினான். மீசையை எடுத்தான். முடியைச் செம்பட்டையாக்கினான். பேர் றொமேஷ், ஊர் கொழும்பு.

மணி இரண்டே கால். இன்னும் முக்கால் மணி நேரம்... அப்புறம் யார் பிடிப்பது?

வெளியே தூறல் விட்டிருந்தது. பக்கத்து கபானா வாசலில் ஜெசிந்தினி தம்பிலி இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மட்டக்களப்பில் டீச்சராம். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பயலுக்குச் சனி அந்தக் குழியில்தான் இருந்தது!

"வாங்க றொமேஷ். இன்னைக்கே கெளம்புறீங்களாமே?"

ஈரப் புல்லைக் கடந்து போய் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"ஆமா டீச்சர். கொழும்புல வேலை கெடக்கு."

"அடுத்த லீவுக்குப் பதுளைப் பக்கம் போங்களேன். நல்ல குளிரு."

"மலைநாடா? நான் அந்தப் பக்கமே போனதில்லைங்க."

சொல்லிக்கொண்டே காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். கெண்டைக்காலைத் தடவினான். கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான்.

ஜெசிந்தினி தம்பிலியைக் கீழே வைத்தாள்.

"என்னத்தைத் தேடுறீங்க?"

"அட்டை..."

சொன்ன வாய் மூடவில்லை.

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து முப்பது வருஷம் தேயிலைக்குள் நடந்த கால்! ஈரப் புல்லை மிதித்தால் கை தானாக அங்கே போய்விடும். நாசமாய்ப் போன பழக்கம்.

"உப்புப் பட்டாலே கழண்டு விழுற மலை அட்டை, இம்புட்டு உப்புக்காத்து அடிக்கிற எடத்துலயா? கொழும்புக்காரரு செருப்புல சேறு இருக்கான்னுல்ல பாப்பாரு."

"நீங்க... டீச்சர்தானே?"

"எஸ்.ஐ. ஜெசிந்தினி. பதுளையில இருந்து வர்றேன். ரெண்டு நாளா ஒரே கொழப்பம். மீசை இல்லாம உங்களை அடையாளமே தெரியல, சதீஸ்குமார்."

எழுந்து ஓடப் பார்த்தான். அதற்குள் கைவிலங்கு விழுந்துவிட்டது.

"அம்மா... மூணு மணிக்கு வேன் வருது. வாங்குறவன்களைக் காட்டித் தர்றேன். என்னைய விட்டுருங்க."

"அவன்களையும் புடிப்போம்," என்றாள் ஜெசிந்தினி. "ஆனா உப்புப் போட்டதும் விட்டுர்றதுக்கு நான் என்ன அட்டையா?"