கூடத்தைக் கடப்பது

நிம்மதியான தூக்கத்துக்கு விலையே கிடையாது என்பவர்கள் விற்கத் தெரியாதவர்கள். இரும்புக்கடைக்காரருக்கு அதன் விலை தெரியும். சதுர அடிக்கு நாலாயிரத்து இருநூறு. நெடுஞ்சாலைக்காக அவர் வீட்டைக் கேட்டு வந்த நிலமெடுப்பு அதிகாரி கடைசியாகச் சொன்ன தொகை அது. கடைக்காரர் எட்டாயிரத்தில் நின்றார். அவர் விடாக்கண்டன், அரசாங்கம் கொடாக்கண்டன். இழுபறியிலேயே மூன்று மழைக்காலம் போயிற்று. முடிவில் எங்கோ ஒரு பொறியாளர் கூட்டிக் கழித்துப் பார்த்து, இந்த மனிதரோடு மல்லுக்கட்டுவதைவிடச் சாலையை வளைப்பது மலிவு என்று சொல்லிவிட்டார். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அம்புபோல் ஓடுகிற சாலை, அவர் வாசலுக்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிளந்து, போகிற வண்டிகள் ஒரு பக்கமும் வருகிற வண்டிகள் மறுபக்கமுமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு, கொல்லைக்குப் பின்னால் மறுபடி ஒன்று சேர்ந்தது.

"நாட்டையே கொஞ்சம் ஒதுங்கிப் போன்னு சொன்னவன் நான்" என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

காதில் பஞ்சு வைத்தார். ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டி ஒட்டினார். கட்டிலை நாலு சுவருக்கும் நகர்த்திப் பார்த்தார். லாரிச் சத்தம் காது வழியாக வந்தால்தானே அடைக்கலாம், அது தலையணை வழியாக, பல் வழியாக வந்தது. தராசின் முன் நிற்கும்போதே கண் சொக்கியது. ஆணி வாங்க வந்தவன் எடை தட்டியதற்கு மேலும் ஒரு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டான். அவனோடு வாதாடக்கூடத் தெம்பில்லை.

"பேரம் பேசலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. பேசி ஜெயிச்சீங்க, இருந்த தூக்கமும் போச்சு" என்றாள் மனைவி. அவள் மட்டும் தலை சாய்த்ததும் தூங்கிவிடுவாள்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அவர் அதைக் கவனித்தார். வாசல் கதவிலிருந்து கொல்லைக் கதவுவரை நீளமாக ஓடுகிற கூடம். அதன் ஒரு பக்கம் சமையலறை, நேர் எதிரே படுக்கையறை. மனைவி பால் டம்ளரோடு சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். வலப்பக்கம், வாசலைப் பார்த்தாள். இடப்பக்கம், கொல்லையைப் பார்த்தாள். மறுபடி வலப்பக்கம். பிறகு சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்தைக் கடந்து வந்தாள்.

"என்ன, ரோட்டைத் தாண்டற மாதிரி வர்றே?"

"யாரு, நானா? தூக்கமில்லாம உங்களுக்குக் கண்ணும் போச்சு."

மறுநாள் நிலைப்படியில் இன்னும் அதிக நேரம் நின்றாள்.

"வாயேன், பால் ஆறுது."

"இருங்க, போகட்டும்."

"எது போகட்டும்?"

அவள் அவரைத் திகைத்துப் பார்த்தாள். தான் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. ஆனால் டம்ளரில் பாலின் மேல் படிந்த ஆடை, எதுவோ பக்கத்தில் கடந்து போன மாதிரி, மெல்ல நடுங்கி அடங்கியது.

வண்டிச் சத்தத்தோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவருக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பக்கம் உண்டு என்று தெரியும். போகிறது இந்தக் காதில், வருகிறது அந்தக் காதில். அந்த வாரக் கடைசியில், கூடத்து சோபாவில் அரைக்கண் மூடிக் கிடந்தபோது, பக்கமே இல்லாத ஒரு சத்தம் கேட்டது. சுமை ஏற்றிய பெரிய வண்டி ஒன்று, கியர் மாற்றி, முனகி, வாசல் கதவுப் பக்கம் தொடங்கி, அவர் முழங்காலுக்கு முன்னால் நிதானமாக நகர்ந்து, கொல்லைக் கதவில் போய்த் தேய்ந்தது. ஜன்னல் திரைகள் அசையவில்லை. அவருடைய வேட்டி நுனி மட்டும் வண்டி போன திசையில் படபடத்தது. தேய்ந்த பிரேக்கின் கருகல், டீசல், நனைந்த தார்ப்பாயின் புழுக்கம் எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறி, மெதுவாக இறங்கின.

தூக்கம் கெட்டவன் மூளை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு எழுந்தார். கால் வைத்த இடத்தில் தரை சுட்டது. குனிந்து பார்த்தார். வழவழப்பான ஓடுகளில், வாசலிலிருந்து கொல்லைவரை, இரண்டு பட்டைகளாகப் பளபளப்பு மட்டும் தேய்ந்து போயிருந்தது. ஒரு வண்டியின் அகலம். சோபாவின் முன்கால்கள் அந்தப் பட்டையின் விளிம்பில் நின்றன. யாரிடமும் சொல்லாமல் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டார்.

"இப்பதான் தாராளமா இருக்கு" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

அன்று மத்தியானமே கடையிலிருந்து அதிகாரிக்குப் போன் போட்டார். வாழ்நாளில் முதல்முறையாகத் தானாக விலையை இறக்கினார்.

"சார், பழசையெல்லாம் விடுங்க. நீங்க சொன்னதுல பாதி குடுங்க. நாளைக்கே காலி பண்றேன்."

"எந்த வீடு சார்?"

அவர் அடையாளம் சொன்னார். மறுமுனையில் காகிதம் விரியும் ஓசை.

"அந்த எடத்துல வீடு ஏது? ரோடு நேராப் போகுதே."

"நக்கலா சார்? நீங்களே எத்தனை தடவை என் வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கீங்க."

"படம் என் கண்ணு முன்னாடி இருக்கு. வீடும் இல்ல, வளைவும் இல்ல. நீங்க நல்லாத் தூங்கி எந்திரிங்க" என்று அதிகாரி உண்மையான அக்கறையோடு சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கடைக்காரர் கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நாலு துணிய எடுத்து வை. பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்."

"நல்ல ஆளு. அவளே கார எடுத்துட்டுக் கிளம்பிட்டா. நேத்து போன்ல பேசினப்ப அப்பா குரலே சரியில்ல, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னா."

அவர்களுக்கு ஒரே மகள். அவர் போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஓட்டும்போது எடுக்க மாட்டாள். எடுக்காதே என்று சொல்லி வளர்த்தவரே அவர்தான். வந்து சேரட்டும், வந்த காரிலேயே மூன்று பேரும் திரும்பிவிடலாம் என்று படுக்கையறைக் கட்டிலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்கு மேல் சத்தம் நின்றது.

இந்தக் காதில் இல்லை. அந்தக் காதிலும் இல்லை. சுவர்க் கடிகாரம் அடித்துக்கொள்வது கேட்டது. வீட்டில் கடிகாரம் இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. தூங்கேன், இப்போதாவது தூங்கேன் என்று உடம்பு கெஞ்சியது. ஜன்னலைத் திறந்தார். சாலை இருந்தது. வண்டி ஒன்றுகூட இல்லை. நெடுங்காலமாக யாருமே போகாத சாலை மாதிரி அதன்மேல் தூசி படிந்து, சருகு சேர்ந்து கிடந்தது.

போன் அடித்தது.

"அப்பா, பாலம் தாண்டிட்டேன். ஏம்பா, வளைவை எடுத்துட்டாங்களா? சொல்லவே இல்ல. நூல் புடிச்ச மாதிரி நேராப் போட்டிருக்காங்க."

"வண்டிய ஓரங்கட்டும்மா."

"என்னப்பா? காத்துல கேக்கல. எதிர்ல ஒரு லாரி வேற. லைட்டத் தணிக்கவே மாட்டேங்கறான்."

"நிறுத்தும்மா. அங்கேயே நிறுத்து."

"கேக்கலப்பா. வந்து பேசிக்கலாம்."

அவர் எழுந்து கூடத்துக்கு ஓடினார். நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தார். கால் உள்ளே போனது. உச்சி வெயிலில் தார் இளகுமே, அந்த மாதிரி தரை அவர் செருப்பைக் கவ்விக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலை வைத்தார். அதையும் கவ்வியது.

வாசல் கதவு மூடித்தான் இருந்தது. வெளிச்சம் அதைச் சட்டை செய்யவில்லை. வெள்ளையாக, தாழ்வாக, இரண்டு கண்கள். கொல்லைப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். மஞ்சளாக, உயரத்தில், இரண்டு. அங்கே சுவர் இருந்த இடத்தில் தூரம் இருந்தது.

எதிரே, சமையலறை நிலைப்படியில், மனைவி. கையில் டம்ளர்.

"வராதே. அங்கேயே நில்லு."

அவள் வலப்பக்கம் பார்த்தாள். வெள்ளை வெளிச்சம் அவள் முகத்தில் பட்டு மூக்குத்தி மின்னியது. கண் கூசவில்லை. இடப்பக்கம் பார்த்தாள். மறுபடி வலப்பக்கம்.

"ஒண்ணும் வரல" என்றாள். "சூடா இருக்கு, குடிச்சிட்டுப் படுங்க."

சேலையை லேசாகத் தூக்கினாள். இறங்கினாள்.

அவர் கத்தினார். கத்தியது லாரிச் சத்தத்தில் போயிற்று. தரை அதிர்ந்தது. கையில் போன் இன்னும் உயிரோடு இருந்தது. அதிலிருந்து மகளின் குரல், சின்னதாக.

"அப்பா. நடு ரோட்டுல யாரோ. அப்பா, அம்மா மாதிரி இருக்குப்பா."

எதையும் எண்ணிப் பழகிய மூளை. அது மட்டும் நிற்கவில்லை. வாசல் பக்கம் கார் ஒன்று. கொல்லைப் பக்கம் லாரி ஒன்று. நடுவில், பால் சிந்தாமல் மெல்ல நடந்து வருகிறவள் ஒருத்தி. அவளுக்கு நிழல் இரண்டு. வரவேண்டிய பாக்கி, பிரேக் சத்தம்.