மேசையாக இருந்த மோட்டார்

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. முதுகில் ‘தன்னார்வத் தொண்டர்’ என்று கொட்டை எழுத்து. கையில் பெயிண்ட் டப்பா, தூரிகை, ஏணி.

அவர்களைப் பார்த்ததுமே கறாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறார் என்பது அவளுடைய பெயர் இல்லை. ரப்பர் இரவல் கேட்டால்கூட, “எத்தனை மணிக்குத் திருப்பித் தருவே?” என்று கேட்பாள். அதனால் ஐந்தாம் வகுப்பே சேர்ந்து வைத்த பட்டம் அது.

“மறுபடியும் முன்சுவரா?” என்று பல்லைக் கடித்தாள். “மூணு வருஷத்துல இது நாலாவது தடவை! அந்தச் சுவர்ல செங்கல்லை விட பெயிண்ட்தான் அதிகமா இருக்கும்.”

பக்கத்தில் நின்ற பஞ்சு சிரிக்கவில்லை. அவள் முகம் வாடிக் கிடந்தது.

பஞ்சு ஒல்லி. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல், வயிற்றுவலி. “பகல் முழுக்கத் தண்ணியே குடிக்காம இருந்தா வேற என்ன ஆகும்?” என்று டாக்டர் திட்டினாராம்.

பஞ்சு ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்து போனதும் பூட்டியதுதான். பையன்கள் மதிலுக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கறார் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு கோடு போட்டு வந்தாள். இன்றோடு நூற்று நாற்பத்திரண்டு கோடுகள்.

“எங்கம்மா முடிவா சொல்லிட்டாங்க” என்றாள் பஞ்சு. “திங்கட்கிழமையும் பூட்டியே இருந்தா, என்னை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவாங்களாம். ரெண்டு பஸ் மாறிப் போகணும்.”

கறாருக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

அவள் நேராகப் பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள். அங்கே மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல் பூப்போட்ட துணி. துணியின்மேல் வருகைப் பதிவேடு, சாக்பீஸ் டப்பா, கை மணி. பார்த்தால் சின்ன மேசை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் துணியைத் தூக்கினால் பெட்டியில் மோட்டார் படம் தெரியும். நகராட்சி அனுப்பிய புத்தம்புது மோட்டார்! அது வந்தே தொண்ணூற்றேழு நாள் ஆகிறது.

“டீச்சர், இன்னைக்காவது இதை மாட்டலாமா?”

“நான் மாட்டக் கூடாதுன்னா சொல்றேன்?” பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மோட்டார் வாங்கித் தர்றது ஒரு பிரிவு. மாட்டித் தர்றது வேற பிரிவு. அவங்க ஆள் வந்துதான் சீல் உடைக்கணும். நானா உடைச்சா என்னைக் கேள்வி கேப்பாங்க. பதினோரு கடிதம் போட்டுட்டேன்மா.”

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சே. ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ன்னு.”

கறார் விறுவிறுவென்று வெளியே வந்தாள். முன்சுவரின் அருகே தொப்பை வைத்த ஒரு மாமா நாக்கைத் துருத்திக்கொண்டு கறுப்பாக எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

“வௌவாலா மாமா?” என்று கேட்டாள்.

“பட்டாம்பூச்சிம்மா!” அவர் முகம் தொங்கிவிட்டது. “அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“ரொம்ப. நீங்க ஓவியரா?”

“ஐயோ, இல்லம்மா. வாரம் பூரா மோட்டாரோட மல்லுக்கட்டுறவன். ரிப்பேர் கடை வெச்சிருக்கேன்.”

கறார் அப்படியே நின்றுவிட்டாள்.

“மோட்டார் மாட்டத் தெரியுமா?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன்.”

“அப்புறம் ஏன் வௌவால் வரையுறீங்க?”

“பட்டாம்பூச்சி” என்று மெதுவாகத் திருத்தினார் மாமா. தலையைச் சொறிந்தார். “பள்ளிக்கூடத்துக்குச் சேவைன்னா பெயிண்ட் அடிக்கிறதுதானே? போன தடவையும் அடிச்சோம். யாரும் வேற எதுவும் கேக்கலையே.”

உண்மைதான். அவர்களும் கேட்கவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லவில்லை!

கறார் நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு மஞ்சள் சட்டையிடமும் போய் நின்றாள். “நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டாள். சூரியனுக்குக் கண் வரைந்துகொண்டிருந்த அக்கா குழாய் பொருத்துபவர். ஏணியின் உச்சியில் மேகம் தீட்டிக்கொண்டிருந்தவர் தச்சர். மீன் வரைந்தவர் நர்ஸ். இன்னொருவர் பூட்டுச் சாவி செய்பவர்.

“உங்க கைல இருக்குற எல்லா வேலையையும் வீட்டுல வெச்சுட்டு, தெரியாத வேலையைச் செய்ய வந்திருக்கீங்க” என்றாள் கறார். “எங்க கழிப்பறை பூட்டி நூத்தி நாப்பத்திரண்டு நாள் ஆச்சு. என் பிரெண்டுக்கு அதனாலதான் உடம்பு முடியாமப் போச்சு. நீங்க வாசல்ல பூ வரையுறீங்க.”

மஞ்சள் சட்டைக்காரர்கள் தூரிகையிலிருந்து பச்சை சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்கள். குழாய்க்கார அக்காதான் முதலில் டப்பாவை மூடினார்.

“யாராவது என் வண்டியிலிருந்து கருவிப் பையை எடுத்துட்டு வாங்கப்பா” என்றார்.

எல்லோரும் பெரிய டீச்சரின் அறைக்குள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். பெரிய டீச்சர் பயந்துபோய்ப் பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். “சீலை உடைக்காதீங்க! என் வேலைக்கே உலை வெச்சிடாதீங்க!”

அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலர் அம்மா வந்தார். பின்னாலேயே ஒரு போட்டோக்காரர். புதுச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் வந்திருந்தார்கள்.

“என்ன கூட்டம் இங்க? சுவரு அங்கேல்ல இருக்கு?” என்றார் கவுன்சிலர் அம்மா.

கறார் பூப்போட்ட துணியை உருவினாள். “மோட்டார் இங்க இருக்கு மேடம். மாட்டத் தெரிஞ்சவரு இங்க இருக்காரு. பூட்டின கழிப்பறை அங்க இருக்கு. அனுமதி மட்டும் எங்க இருக்குன்னு தெரியலை.”

கவுன்சிலர் அம்மா பெட்டியைப் பார்த்தார். பெரிய டீச்சரைப் பார்த்தார். “ஆனா எனக்கு வந்த அறிக்கையில ‘மோட்டார் வழங்கப்பட்டது, வேலை முடிந்தது’ன்னு போட்டிருக்கே!”

“வழங்கினாங்க மேடம். பெட்டியோட வழங்கினாங்க” என்றார் பெரிய டீச்சர்.

கவுன்சிலர் அம்மாவின் காது சிவந்தது. உடனே நகராட்சிக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“அந்த ஃபைலா மேடம்? அது மேல் மாடிக்கு வரணும்” என்றது ஒரு தூக்கக் குரல்.

“இப்ப எங்க இருக்கு?”

“கீழ் மாடியில மேடம்.”

“ஒரு மாடி ஏறவா தொண்ணூத்தேழு நாளு?” என்று கத்தியே விட்டாள் கறார். “எங்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க ஒரு நிமிஷத்துல ஏறிடுவாங்க!”

“யாரது?” என்றது போனில் அந்தக் குரல்.

“உங்களுக்கு மேல் அதிகாரின்னு வெச்சுக்கோங்க” என்றார் கவுன்சிலர் அம்மா. “ஃபைலை மெதுவா ஏத்துங்க. நான் என் பொறுப்புல மாட்டச் சொல்றேன்.” போனை வைத்தார். கறாரின் நோட்டிலிருந்தே ஒரு தாளை வாங்கினார். ‘மோட்டாரைப் பொருத்த அனுமதிக்கிறேன். பொறுப்பு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“தேதியும் போடுங்க மேடம்” என்றாள் கறார்.

கவுன்சிலர் அம்மா தேதியும் போட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மெயினை நிறுத்திவிட்டு, “பிள்ளைங்க யாரும் கிட்ட வரக் கூடாது!” என்று அதட்டினார் மோட்டார் மாமா. பட்டாம்பூச்சியிடம் தடுமாறிய அதே கைகள் இப்போது கண் இமைக்கும் நேரத்தில் திருகின, முடுக்கின. அக்கா விரிசல் விட்ட குழாயை அறுத்துப் புதிதாக ஒட்டினார். சாவிக்காரர் துருப்பிடித்த பூட்டைத் திறந்ததும், தச்சர் கதவுகளை நிமிர்த்தி, உள்பக்கம் ஒவ்வொன்றுக்கும் தாழ்ப்பாள் போட்டார். தொட்டியிலிருந்து பல்லி ஒன்று ஓடியது. அதைக் கண்டு போட்டோக்காரர்தான் முதலில் ஓடினார். நர்ஸ் துடைப்பத்தோடு உள்ளே போனார். கவுன்சிலர் அம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கினார்.

மதியம் மூன்று மணிக்கு மோட்டார் உறுமியது. குழாய் முதலில் இருமியது, பழுப்பாகத் துப்பியது, பிறகு தெளிவாகக் கொட்டத் தொடங்கியது.

பஞ்சு வாசல் குழாய்க்குப் போய், இரண்டு கைகளாலும் ஏந்தி ஏந்தித் தண்ணீர் குடித்தாள். வயிறு முட்டக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “திங்கட்கிழமை ஜன்னல் பக்கம் எனக்கு” என்றாள்.

“ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு” என்றாள் கறார். அவள் கறாரல்லவா.

கவுன்சிலர் அம்மா தொண்டர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போறப்போ, முதல்ல பிள்ளைங்களைக் கேளுங்க. அப்புறமா டப்பாவைத் திறங்க. நானும் இனிமே அறிக்கையை மட்டும் படிச்சுட்டு உக்காரப் போறதில்லை. நேர்ல வந்து பாக்குறேன்.”

பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. “எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்!”

பையன்கள் எல்லோரும் ஓடிவந்து தலையை வாரிக்கொண்டு நின்றார்கள். தொண்டர்கள் நின்றார்கள். பெரிய டீச்சரும் நின்றார். போட்டோக்காரர் கேமராவை உயர்த்தி, இறக்கி, சுற்றும் முற்றும் பார்த்தார்.

“பெண் பிள்ளைங்க ஒருத்தரைக்கூடக் காணோமே?”

கழிப்பறை வாசலில் நீண்டிருந்த வரிசையிலிருந்து கறாரின் குரல் கேட்டது: “நாங்க நூத்தி நாப்பத்திரண்டு நாள் காத்துக்கிட்டு இருந்தோம் சார். நீங்க ஒரு பத்து நிமிஷம் இருங்க!”