ரெக்ஸ் முயல் கொட்டகை

புல்லை நீட்டியும் ஒரு முயல்கூட வரவில்லை. நர்மதாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய அந்தக் கொட்டகையில் வளர்ந்தவை ரெக்ஸ் முயல்கள். வெல்வெட்டைத் தடவுவதுபோல் குட்டையான, அடர்ந்த ரோமம். சாதுவான ஜாதி, கையை நீட்டினால் மூக்கால் வந்து உரசும். உள்ளங்காலில் மட்டும் ரோமம் மெல்லிசு, கம்பியில் நின்றால் புண்ணாகிவிடுமென்று கூண்டுக்குக் கூண்டு அவளே பலகை போட்டிருந்தாள். வெக்கை தாங்காது என்பதால் ஜன்னல் கிடையாது; ஏர்கூலரின் இரைச்சலும் ஈரப் புல் வாசனையும் சுவருக்கு அப்பாலிருந்து வரும் ரப்பர் கருகும் நெடியுமாக அந்த இடம் எப்போதும் மூடியே கிடக்கும்.

இந்தச் சாயங்காலம் எல்லா முயல்களும் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்கியிருந்தன. ஒன்று பின்னங்காலால் பலகையைத் தட்டியது. பயந்தால்தான் அப்படித் தட்டும். அடுத்ததும் தட்டியது. பிறகு கொட்டகை முழுக்க.

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

தள்ளினாள். அசையவில்லை. கூட வேலை பார்க்கும் சரவணகுமாருக்குப் போன் போட்டாள்.

“இன்னாடா விளையாட்டு இது? தாப்பாளத் தொற.”

“நான் அப்பவே ஊட்டுக்கு வந்துட்டேங்கா. இன்னா தாப்பா? அந்தக் கதவுக்கு வெளிய தாப்பாவே கெடையாதே.”

“தொறக்க மாட்டேங்குதுடா.”

“இருங்க. வண்டி எடுத்துக்கினு வரேன்.”

கரண்ட் போனது. கூலர் நின்றது. கால் தட்டும் சத்தமும் நின்றது. இருட்டில் வெக்கை மெல்ல ஏறியது.

கணுக்காலில் மெத்தென்று ஏதோ உரசியது.

“வெளிய வந்துட்டியா, செல்லம்?”

போனைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்னங்காலுக்கு. நெஞ்சு கிடைத்தது. சூடாக. மூச்சு வாங்கிக்கொண்டு. பின்னங்காலைத் தேடிக் கை போனது.

வெல்வெட்.

இன்னும் வெல்வெட்.

கை அவள் இடுப்புக்கு மேலே போனது. தோளுக்கு மேலே.

போன் அடித்து ஒளிர்ந்தது. கூண்டுகள் எல்லாம் பூட்டியபடி இருந்தன. எல்லாவற்றிலும் முயல் இருந்தது. எல்லா முயலும் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் நிமிரவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை. உள்ளங்கைக்கடியில் அந்த ரோமம் மேலே மேலே ஊர்ந்து போனது. போய், வளைந்து, பின்னாலிருந்து அவள் கழுத்தில் மெத்தென்று இறங்கியது.