இருபது எண்ணும் வரை

கடைசிக் கூண்டிலிருந்த வெள்ளை முயல் யாருக்கோ தலையைக் குனிந்து கொடுத்தது.

அவள் அப்போது கொட்டகையின் வாசல் பக்கம், மூன்றாம் கூண்டருகே, தீவன வாளியோடு நின்றிருந்தாள். மறுகோடியில், பதினேழாம் கூண்டில், முயல் முன்னங்கால்களை நீட்டித் தாடையைப் பலகையில் பதித்து, காதுகளை முதுகோடு படியவைத்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டது. தடவிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கும்போது முயல்கள் அப்படித்தான் செய்யும். ஆனால் அங்கே தடவ யாருமில்லை. மின்விசிறியின் முனகலும், மற்றப் பதினாறு வாய்கள் புல் மெல்லும் நறநறப்பும், வெயில் இறங்கியதில் தகரக் கூரை சுருங்கும் டக் டக் ஒலியும், என்ன கழுவினாலும் போகாத மூத்திர நெடியும்தான் இருந்தன. முயலின் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை ஒரே சீராகப் படிந்தது. மறுபடி கழுத்தில் தொடங்கி, மறுபடி வால் வரை.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓய்ந்த பிறகும் மயிர் படிந்துகொண்டிருந்தது. பிறகுதான் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்தது, போய்விட்டாள்.

ஆறு வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு முயல் வளர்த்து விற்றாள். கடிக்கிற, பிறாண்டுகிற, தொட்டாலே துள்ளுகிற முயலை எந்த அம்மா வாங்குவாள்? அதனால் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் அன்று எடை பார்ப்பாள், பல்வரிசை பார்ப்பாள், கால் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாள், அந்தத் தாய் போட்டதில் எத்தனை குட்டி தேறியது என்று நோட்டைப் புரட்டுவாள். எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் கைச் சோதனையில் தேற வேண்டும். விரித்த கையைக் கூண்டுக்குள் விட்டு இருபது எண்ணுவாள். அதற்குள் கைக்குக் கீழே வந்து தலை குனிந்தால் காதுக்குள் நீலப் புள்ளி. அது அடுத்த தலைமுறைக்கு. மூலைக்கு ஓடிப் பதுங்கினால் சிவப்பு. அது வெள்ளிக்கிழமை வரும் கறிக்கடைக்காரருக்கு.

லாரி ஓட்டும் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "என்னைக் கட்டிக்கும்போதுகூட நீ இவ்ளோ சோதனை வைக்கல."

"வச்சிருந்தா நீங்க தேறியிருக்க மாட்டீங்க," என்பாள்.

ஒன்பது தலைமுறையில் பயம் என்பதே அந்தக் கொட்டகையைவிட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்தது பதினான்காம் கூண்டின் பழுப்பு முயல் மட்டும். நல்ல எடை, நல்ல எலும்பு, நிமிர்ந்த காது. ஆனால் கையைக் கண்டால் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு பின்னங்காலால் பலகையைத் தொம் தொம்மென்று அறையும். சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு, அனுப்ப மனம் வராமல் இரண்டு வெள்ளிக்கிழமைகளைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

அவளுடைய உண்மையான கவலை மகள்தான். சிட்டு என்று கூப்பிடுகிற அந்த ஆறு வயதுக்காரி, வீட்டுக்கு யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பள்ளியில் டீச்சர் தோளைத் தொட்டால் அழுகை. "இப்படியே விட்டா கஷ்டம்மா," என்று டீச்சர் சொன்ன அன்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முயலையே பழக்குகிறவளுக்கு மகளைப் பழக்க முடியாதா? ஒரு மாதம் விடாமல் சொல்லிக் கொடுத்தாள். "யாராவது தலையத் தடவினா ஓடக் கூடாது. கண்ண மூடிக்கோ. இருபது எண்ணு. அதுக்குள்ள முடிஞ்சிடும்."

போன வாரம் முயல்களைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் தலையில் கை வைத்தபோது, சிட்டு கட்டைபோல நின்று, உதடு அசைய இருபதும் எண்ணி முடித்தாள். பெற்றவளுக்குத் தலைகால் புரியவில்லை. முயல் காதில் வைக்கும், லேசில் அழியாத மை பேனாவை எடுத்து மகளின் காது மடலுக்குப் பின்னால் நீலப் புள்ளி வைத்தாள்.

"நானும் பாஸாம்மா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்டி!"

யாருமில்லாத இடத்தில் தலை குனிந்து கொடுத்ததற்கு மறுநாள் காலை, வெள்ளை முயல் செத்துக் கிடந்தது. கிடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தலை குனிந்து, கண்கள் பாதி மூடி, நேற்று சாயங்காலம் இருந்தபடியே இருந்தது. உடம்பு மட்டும் விறைத்திருந்தது. ஒரு காது, நீலப் புள்ளி வெளியே தெரியும்படி, மடக்கிப் பார்த்ததுபோல் திரும்பியிருந்தது.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய தண்ணீர்ப் புட்டிகளையே மறுபடி கழுவினாள். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தாள். பொழுது சாயும் நேரத்தில், போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கொட்டகைக்குள் போனாள்.

பதினாறாம் கூண்டில் தலை தாழ்ந்தது.

அவள் வாசலிலேயே நின்றாள். புல் மெல்லும் சத்தம் நின்றுபோயிருந்தது. மயிர் படிந்தது, எழுந்தது, படிந்தது. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தாள், வாய் தானாக எண்ணியது. இருபதில் ஒரு காது மெல்ல மடிந்தது. அடுத்ததாகப் பதினைந்தாம் கூண்டில் தலை தாழ்ந்தது. அதற்கும் இருபது.

பதினான்கில் தொம்மென்று ஒரு அறை. பழுப்பு முயல் மூலையில் சுருண்டு கம்பியைப் பிறாண்டியது. தொம், தொம், தொம். அந்தச் சத்தம் அவள் நெஞ்சுக்குள் கேட்டது. அங்கேயும் இருபது வரை பொறுத்துவிட்டு, எதுவோ நகர்ந்திருக்க வேண்டும். பதின்மூன்றில் தலை தாழ்ந்தது.

தன்னுடைய சோதனை. தன்னுடைய கணக்கு. யாரோ பக்கத்தில் நின்று பார்த்துப் படித்தது மாதிரி. அவள் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு ஓடிவந்தாள்.

காலையில் நான்கு முயல்கள் செத்திருந்தன. பதினாறு, பதினைந்து, பதின்மூன்று, பன்னிரண்டு. அவற்றின் நடுவே பதினான்கில் பழுப்பு மட்டும் உயிரோடு இருந்தது. அதன் நகங்களில் ரத்தம்.

டாக்டர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல், நுரையீரல், குடல் எல்லாம் சுத்தம். கையுறையைக் கழற்றிக்கொண்டே கூண்டுகளைப் பார்த்தார். "நோய்னா இப்படி வரிசையா வராதும்மா. அதிர்ச்சின்னா கூண்டெல்லாம் ரகளையாயிருக்கும். இதுல எதுவும் பயப்படவே இல்ல." பிறகு பழுப்பு முயலைக் காட்டிச் சிரித்தார். "நீல மார்க்கு அஞ்சு போயிடுச்சு, நடுவுல ஃபெயில் ஆன பயந்தாங்கொள்ளிதான் பொழைச்சிருக்கு."

போகிற போக்கில் சிட்டுவின் தலையைத் தடவினார். சிட்டு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முடி ஒதுங்கிய இடத்தில், காதுக்குப் பின்னால், நீலம் தெரிந்தது.

டாக்டரின் வண்டி திரும்புவதற்குள் அவள் மகளை அடுக்களைக்கு இழுத்துப் போய் மேசைமேல் உட்காரவைத்தாள். எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். சோப்புப் போட்டாள். பாத்திரம் தேய்க்கும் நாரையே எடுத்தாள். சிட்டு வீறிட்டாள்.

"வலிக்குதும்மா! நான் என்ன தப்பு பண்ணேன்? நான் பாஸ்தானே?"

"இனிமே யார் தொட்டாலும் ஓடிடணும். கேக்குதா?"

"நீதானே ஓடக் கூடாதுன்ன?"

அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கடைசியில் தோல் சிவந்து வீங்கி, புள்ளி போயிருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

கணவருக்குப் போன் போட்டாள். நாளை மதியம்தான் வர முடியும் என்றார். குரலில் கிண்டல் இல்லை. "நீ அவளக் கூட்டிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு," என்றார். ஏழு மணிக்கு ஒரு பேருந்து இருந்தது. துணிகளைப் பையில் திணித்தாள். சிட்டு அடுக்களை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் முன் கொட்டகைக்கு ஒரு நடை போனாள். பதினொரு கூண்டும் பழுப்பும். ஆறு வருட உழைப்பு. அவற்றை அப்படியே விட்டுப் போக மனசு கேட்கவில்லை. எங்கேயாவது ஓடித் தப்பட்டும் என்று கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கை தட்டினாள். "ஓடு! போ, ஓடிடு!" என்று கத்தினாள். தகரத்தைத் தட்டிச் சத்தம் எழுப்பினாள்.

ஒன்றும் ஓடவில்லை. திறந்த வாசலுக்கு வந்து, அவள் கையை மோந்து, தலையைக் குனிந்து கொடுத்தன.

ஓடத் தெரிந்ததையெல்லாம் அவளே வெள்ளிக்கிழமை தோறும் அனுப்பியிருந்தாள்.

பழுப்பு முயல் மட்டும் அவள் கால்களுக்கு நடுவே பாய்ந்து முற்றத்துக்குப் போனது. வெளிச்சம் மங்கிச் சாம்பலாகியிருந்தது. பாதி முற்றத்தில் அது சட்டென்று நின்றது. காதுகள் விறைத்தன. வீட்டைப் பார்த்தது. அடுக்களைக் கதவைப் பார்த்தது.

தொம்.

தொம். தொம்.

பிறகு எதிர்ப்பக்கமாக வேலியை நோக்கி ஓடியே போய்விட்டது.

அவள் திரும்பிக் கூண்டுகளைப் பார்த்தாள். பதினொரு முயல்களும் அவளிடம் தலையை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தன. எதன் மயிரும் படியவில்லை. பொழுது சாய்ந்தாயிற்று, ஆனால் இங்கே யாரும் வரவில்லை.

ஓடினாள். வாளி இடறியது. முழங்கால் தரையில் மோதியது. எழுந்தாள். நிலைப்படி. கதவு.

அடுக்களையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நோட்டு விரிந்திருந்தது. பக்கத்தில் மை பேனா, மூடி கழன்று.

சிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உச்சி முடி படிந்தது. பின்கழுத்து வரை, ஒரே சீராக. எழுந்தது. மறுபடி படிந்தது.

"பதினொண்ணு," என்றாள் சிட்டு. "பன்னெண்டு."

"சிட்டு, ஓடு!"

"பதிமூணு."

"ஓடுடி! அம்மா சொல்றேன்ல, ஓடு!"

"கத்தாதம்மா. தப்பாயிடும்." குரலில் பயமே இல்லை. பெருமைதான் இருந்தது. "நீ அழிச்சிட்ட. நானே திரும்ப வச்சுக்கிட்டேன். பதினாலு. பதினஞ்சு."

அவள் பாய்ந்து மகளின் இரண்டு தோள்களையும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பதினெட்டுக் கிலோ உடம்பு. தினமும் இடுப்பில் தூக்கும் உடம்பு. நாற்காலியோடு சேர்த்து அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. இழுத்தாள். நாற்காலி முனகியது.

"பதினாறு. பதினேழு."

காதோரத்து முடி ஒதுங்கியது. பொறுமையாக.

"பதினெட்டு."

நாரால் தேய்த்துச் சிவந்த காது மடல் மெல்ல, மிக மெல்ல, முன்னால் மடிந்தது. அதன் பின்னால் நீலப் புள்ளி. பெரிதாக. கோணலாக. ஈரம் காயாமல்.

"பத்தொம்பது," என்று சொல்லிச் சிட்டு தாடையை மேசைமேல் பதித்து, தலையைக் குனிந்து கொடுத்தாள்.